என் உடம்புக்கு நீ மதிப்பெண் போடாதே

சாமி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பருப்பு வேகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் அடுப்பே பற்றவைக்கவில்லை. பதில் கொஞ்சம் நீளம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, விடு" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "ஆஸ்பத்திரிக் கூட்டத்துல நீ பேசுனது பொண்ணு ஊடு வரைக்கும் போயிருச்சும்மா. அவங்க சித்தி அங்கதான் உக்காந்திருந்தாங்களாம். கல்யாணம் முடியற வரைக்குமாவது இதையெல்லாம் வெளிய பேசாம இரு. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது, டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. இன்னும் என்ன?" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் அப்போதே இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன்.

இன்னும் என்ன என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதையும் வீட்டுக்குள் வைத்துச் சொல்லப் போவதில்லை. எங்கள் அங்கன்வாடி ஊழியர்கள் சேர்ந்து நடத்தும் மாதப் பத்திரிகைக்கு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். பெயர் போட மாட்டேன். ஆனாலும் புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு எழுதியது யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். ஐம்பத்தைந்து வயதில் நான் ஒளித்து வைத்திருந்தது இது ஒன்றுதான். இதை ஒளித்து வைக்க நான் பட்ட பாடு, நோயால் பட்ட பாட்டுக்குக் குறைந்ததில்லை.

நீ பிறந்தபோது நாலு கிலோவுக்கு ஒரு பிடி குறைவு. ஊர்க் குழந்தைகளையெல்லாம் நிறுத்துப் பார்க்கிறவள் சொல்கிறேன், அது சாதாரண எடை இல்லை. ஒரு பகலும் ஒரு இரவும் வலி எடுத்து, கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் உன்னை எடுத்தார்கள். இரண்டு மாதம் முடியும் முன்னே மையத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். அப்போது நான் தற்காலிக ஊழியர், விடுப்பு கேட்கப் பயம். சத்துமாவு மூட்டை வந்தால் நானும் ஆயாவும்தான் ஆளுக்கொரு முனை பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவர வேண்டும். உனக்கு ஒன்றரை வயது இருக்கும். ஒருநாள் இடுப்பில் நீயும் தலையில் குடமுமாக வரப்பு ஏறினேன். அடிவயிற்றில் ஏதோ நழுவியதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முட்டை அளவுக்கு ஏதோ வெளியே வந்திருந்தது. கையால் உள்ளே தள்ளினேன், போய்விட்டது. சாயங்காலம் திரும்பவும் வந்தது. கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று புரியும் அளவுக்கு எனக்குப் பயிற்சி இருந்தது. மற்ற பெண்களுக்குச் சொல்லித்தரும் வேலையில் இருந்தவள்தானே நான். ஆனால் என் விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு, உன்னால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்று நினைக்காதே. உன்னைப் பெற்றதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காகத்தான் வருந்துகிறேன்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் நான் எப்படி நடமாடினேன் என்று உனக்குத் தெரியாது. தும்மினால் சேலை நனையும். மிளகாய் வறுக்கும் நாளில் நான் உன்னை வெளியே போய் விளையாடச் சொன்னது உனக்குக் கார நெடி ஆகாது என்பதால் இல்லை. எனக்குத் தும்மல் வரும், அதை நீ பார்க்கக் கூடாது என்பதால்தான். வெளிர் நிறத்தில் ஒரு சேலை கட்டியதில்லை. உன் அப்பா லாரியில் வடக்கே போய்த் திரும்பும்போது ஆசையாக வாங்கி வந்த சந்தன நிறப் பட்டைக்கூட என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். பஸ் ஏறுவதென்றால் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். சேலம் பஸ் ஸ்டாண்டிலும் நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலும் கழிப்பறை எந்த மூலையில் இருக்கிறது, எந்த நேரத்தில் பூட்டுவார்கள் என்பதெல்லாம் கண்டக்டர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால் எழும்போது சேலை எப்படி இருக்குமோ என்று பயந்து, பரிமாறும் பக்கமே நின்றுகொள்வேன். "பாருங்க, எத்தன பொறுப்பா ஓடியாடிச் செய்யறாங்க" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள்.

கோயமுத்தூரில் உன் பட்டமளிப்பு விழாவுக்கு நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். நீ ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் உனக்குள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. விடிகாலையிலேயே கிளம்பி, நாமக்கல்லில் பஸ் மாறி, திருச்செங்கோடு வரைக்கும் வந்தேன். வழியில் ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. உட்கார்ந்திருந்த சீட்டே நனைந்துபோயிற்று. பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, பின்னால் போய் நின்றாள். திருச்செங்கோட்டில் இறங்கி, அப்படியே எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி, கடைசிவரை நின்றுகொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீ கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கியதைப் போட்டோவில்தான் பார்த்தேன்.

இனி நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊரில் களை பறிக்கவும் கடலை பிடுங்கவும் போகும் ஒருத்தியை ருக்மணி என்று வைத்துக்கொள். அது அவள் பெயர் இல்லை. இந்தக் கடிதத்தில் அவளைப் பற்றி வரும் இடங்களை அவளிடம் வாசித்துக் காட்டி, எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மாத்தறதுன்னா நல்ல பேரா வையுங்க, ருக்மணின்னு வையுங்க" என்று அவளே வைத்துக்கொண்ட பெயர். அவளுக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருந்த நேரம். பிரசவித்த பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அதில் 'தாய்க்கு ஏதேனும் தொந்தரவு உள்ளதா' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நான் வீட்டிலிருந்து கிளம்பும் முன்னே நிரப்பிவிடுவேன். எல்லாருக்கும் 'இல்லை'. அப்போதுதான் ஒரு மத்தியானத்துக்குள் எட்டு வீடு முடிக்கலாம். அன்றைக்கு நான் பதிவேட்டை மூடிக்கொண்டு எழும்போது ருக்மணி என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "டீச்சர், கீழ என்னமோ தள்ளுதுங்க. ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குது" என்றாள். எனக்கு முகம் சுட்டது. என் ரகசியத்தையே அவள் எடுத்து வெளியே போட்டதுபோல இருந்தது. "மூணு பெத்தா அப்படித்தான் இருக்கும். எல்லா பொம்பளைக்கும் இருக்கறதுதான், பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கட்டத்தில் 'இல்லை' அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் வாடை அடிக்கிறது என்று ஒதுக்கியதில் கூட்டத்தோடு வேலைக்குப் போவதையும் நிறுத்தினாள். தனியாக மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் இருந்தாள். அவளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

போன தை மாதம் நீ பொங்கலுக்கு வந்திருந்தபோதுதான் குளியலறைத் தரையில் ரத்தம் பார்த்தாய். வெளியே தள்ளிய இடம் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. "எத்தன நாளா இப்படி?" என்று நீ கேட்டாய். "ரெண்டு நாளா" என்றேன். நீ காரை எடுத்து, அன்றைக்கே சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். அதற்கு உனக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. இனி நான் சொல்லப்போவது அந்த நன்றியைக் கழித்துவிட்டுச் சொல்வது இல்லை. இரண்டும் உண்மை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் வந்து நாலு பக்கத்தில் ஒரு படிவம் கொடுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி எப்படி இருக்கிறார், பின்னால் எப்படி இருக்கிறார் என்று நோயாளியின் வாய்மொழியிலேயே தெரிந்துகொள்ளும் படிவம் என்றாள். நான் கண்ணாடி எடுத்துவரவில்லை. நீ வாங்கிக்கொண்டாய். "நடக்க முடியுதாம்மா?" என்று கேட்டாய், முடியுது என்றேன். "தூக்கம் வருதா?" வருது என்றேன். மூன்றாவது கேள்விக்கு என்னைக் கேட்கவில்லை. மளமளவென்று டிக் போட்டுக்கொண்டே போனாய். ஒரு பக்கத்தில் உன் காது சிவந்தது. அதை அப்படியே புரட்டிவிட்டாய். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவும் இல்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நான் எழுதிய பதிவேடுகளில் எத்தனை பெண்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்திருந்த இடத்தை இழுத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போனோம். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது, தையல் அருமையாக ஆறியிருக்கிறது என்றார். எனக்கும் பாரம் இறங்கியதுபோலத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வெளியே தள்ளுவது நின்றுபோயிற்று. "எப்படி இருக்கீங்க?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நல்லாருக்காங்க டாக்டர், முன்னைக்கு இப்ப சூப்பரா இருக்காங்க" என்றாய் நீ. அவர் எழுதிக்கொண்டார். கேட்டது என்னை. என் வாயில் பதில் வந்துகொண்டிருந்தது. நீ முந்திக்கொண்டாய்.

வெளியே அதே படிவக்காரப் பெண் இருந்தாள். நித்யா என்று பெயர். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். இந்தத் தடவை நான் கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். நானே படித்து, நானே எழுதினேன். உங்கள் உடல்நிலையால் பயணம் செய்வதைத் தவிர்க்கிறீர்களா? பல நேரம். அவசரமாகச் சிறுநீர் வந்து, கழிப்பறை போவதற்குள் கசிகிறதா? பல நேரம். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த தொந்தரவு இது. முன்னே தும்மினால்தான் நனையும். இப்போது திடீரென்று முட்டிக்கொண்டு வருகிறது, நாலு எட்டு வைப்பதற்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்தேன். என்னை யாரோ இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு எழுதியதுபோல அந்தக் கேள்விகள் இருந்தன. இப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்ட கேள்விகளும் இருந்தன. மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டிருந்தது. நம் வீட்டில் மாடி எங்கே இருக்கிறது? பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்று கேட்கவே இல்லை. அதை ஓரத்தில் நானாகவே எழுதிவைத்தேன்.

நித்யா அதுவரை எழுதியதை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, ஒரு சந்தேகம்ங்க. ஆபரேசனுக்கு முன்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னு பதிவாயிருக்கு. பிரயாணம் பண்றதுல சிரமம் இல்ல, கசிவு இல்ல, கவலை இல்ல. இப்ப இத்தன இருக்குதுங்களே? ஆபரேசன் பண்ணி மோசமாயிட்டீங்களா?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை என்று மேலிருந்து கீழே வரைக்கும் இருந்தது. இருபத்தாறு வருடம், சாமி. திருச்செங்கோடு பஸ்ஸும், தங்கைக்குக் கொடுத்த பட்டும், பந்தியில் உட்காராத அத்தனை கல்யாணமும், எல்லாம் சேர்ந்து 'ஒருபோதும் இல்லை'. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன். உன் மேல் வந்த கோபத்தில் இல்லை. ருக்மணியின் கட்டத்தில் நான் எழுதிய 'இல்லை' என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "அதை அழிச்சிரு கண்ணு, அது நான் சொன்னதில்ல, என் பையன் போட்டது" என்றேன். "அழிக்கக் கூடாதுங்கம்மா. ஆனா நோயாளி சொல்லல, வேற ஆள் நிரப்புனதுன்னு பக்கத்துலயே குறிச்சிடறேன். அப்பத்தான் அத நம்பி யாரும் கணக்குப் பண்ண மாட்டாங்க" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே குறித்தாள்.

இன்னும் நிரப்பாத கடைசிப் பக்கத்தில் ஓர் அளவுகோல் இருந்தது. பூஜ்யத்திலிருந்து நூறு வரை கோடு. உன்னால் நினைத்துப் பார்க்க முடிகிற மிக நல்ல உடல்நிலை நூறு, மிக மோசமானது பூஜ்யம், இன்றைக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று கோட்டில் ஒரு குறி போட வேண்டும். நான் நிறைய நேரம் யோசித்தேன். நூறு என்றால் எனக்கு என்ன? பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்து, பயமில்லாமல் எழுந்திருக்க வேண்டும். ஐம்பத்தைந்தில் குறி போட்டேன். அப்போதுதான் நீ மருந்துப் பையோடு வந்து எட்டிப் பார்த்தாய். "என்னம்மா இது, அம்பத்தஞ்சா? எம்பது போடும்மா. டாக்டரம்மா எவ்வளவு சிரமப்பட்டு ஆபரேசன் பண்ணியிருக்காங்க. பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றாய். வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி நான் சொன்னேன்: "இது டாக்டருக்குப் போடற மார்க் இல்ல சாமி. என் உடம்புக்கு நான் போடறது. நீ போடாத." என் வாழ்க்கையில் நான் உன்னை வெளியிடத்தில் வைத்துச் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். நீ வீடு வந்து சேரும் வரைக்கும் பேசவில்லை. நானும் சமாதானம் செய்யவில்லை.

நடந்தது என்ன தெரியுமா? அந்த ஐம்பத்தைந்தையும் ஓரத்தில் நான் எழுதியதையும் பார்த்துவிட்டு டாக்டரம்மாவே என்னைத் திரும்ப வரச்சொன்னார். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. "நான் பாத்தது தையல. தையல் நல்லாத்தான் இருக்கு. பாத்ரூமுக்கு நீங்க ஓடறது எனக்குப் பரிசோதனையில தெரியாதும்மா, நீங்க சொன்னாத்தான் தெரியும்" என்றார். சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கி விடும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஒரு மாத்திரையும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. முழுதும் போகவில்லை, போகாமலும் இருக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதையும் நான் ஏற்றுக்கொண்டேன். நான் எண்பது போட்டிருந்தால் அந்த டாக்டரம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், உனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும், நான் அலச வாளியையும் மாற்றத் துணியையும் வைத்துக்கொண்டு மறுபடி இருபது வருடம் ஓட்டியிருப்பேன்.

அந்தப் படிவத்தில் நீ காது சிவந்து புரட்டிய பக்கமும் இருந்தது. கணவன் மனைவி உறவைப் பற்றியது. பெற்ற மகனிடம் இதை எழுதுவதா என்று யோசித்தேன். நீயும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், படி. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் எழுதத் தெரியவில்லை, ஏனென்றால் நான் அதைப் பற்றி நினைப்பதையே எப்போதோ விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நான் உங்களப் பக்கத்துல விடாம இருந்தப்பல்லாம் நீங்க என்ன நினைச்சீங்க?" என்றேன். பேப்பரை மடித்து மடியில் வைத்தார். "உனக்கு என்னையப் புடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். லாரிக்காரன் மேல டீசல் வாடை அடிக்குதுன்னு நினைச்சேன்" என்றார். அவர் வீட்டில் இருக்கும் நாளிலும் நடையிலேயே பாய் விரித்துப் படுத்தது அதனால்தானாம். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க" என்றேன். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்றார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பதிலை நாங்களே எழுதிக்கொண்டு அத்தனை வருடம் இருந்திருக்கிறோம். இந்தப் பத்தியை எழுதட்டுமா என்று அவரிடமும் கேட்டேன். எழுது என்றார்.

ருக்மணி வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடம் கழித்துப் போகிறேன். "உனக்கு அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எனக்கும் அதே சீக்குத்தான் இருந்துச்சு. வெக்கத்துல உன் வாய அடைச்சுட்டேன்" என்றேன். புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "உங்களுக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் திட்டிய திட்டு இந்தப் பத்திரிகையில் அச்சேறாது. நான் நின்று கேட்டுக்கொண்டேன், எனக்கு வர வேண்டியதுதானே. அடுத்த வாரம் இரண்டு பேரும் சேலத்துக்குப் போனோம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நித்யா படிவத்தை வாசித்துச் சொல்ல, இவள் பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கே ருக்மணி தயங்க, "அவளுக்கு ரொம்ப..." என்று நான் ஆரம்பித்தேன். நித்யா என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து போனேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே ருக்மணி என்னென்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவள் ஆபரேஷன் முடிந்து இப்போது தேறிக்கொண்டிருக்கிறாள். எப்படி இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் நீ அவளைத்தான் கேட்க வேண்டும்.

சேலம் ஆஸ்பத்திரியில் பெண்களுக்காக நடத்திய கூட்டத்தில் நான் பேசியதும் இவ்வளவுதான். அறுபது எழுபது பெண்கள் இருந்தார்கள். முதலில் யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளைப் பற்றிச் சொன்னதும் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், பிறகு கேள்வி மேல் கேள்வி வந்தது. அங்கே உன் வருங்கால மனைவியின் சித்தி இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு வார்த்தை குறைத்திருக்க மாட்டேன். மையத்தில் இப்போதெல்லாம் பதிவேடு இல்லை, போனில்தான் எல்லாம் ஏற்றுகிறோம். அந்தக் கட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. நான் இப்போது கேட்டுவிட்டுத்தான் நிரப்புகிறேன். எட்டு வீடு முடிக்கிற மத்தியானத்தில் மூன்றுதான் முடிகிறது. மேலதிகாரி ஏன் தாமதம் என்று கேட்டார். பதில் சொல்ல ஆட்களுக்கு நேரம் ஆகிறது என்றேன். எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். எழுத்திலேயே கொடுக்கப் போகிறேன்.

நீ நல்ல பிள்ளை. உன் மனைவியையும் நன்றாக வைத்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கிருக்கும் பயமே அந்த நல்ல குணத்தின் மேல்தான். அவளுக்கு வலிக்கிறது என்றால் உனக்குத் தாங்காது. தாங்காததால் "ஒண்ணுமில்ல, சரியாயிரும்" என்பாய். டாக்டர் அவளைக் கேட்டால் நீ பதில் சொல்வாய். அவள் பாரம் என்று சொல்வதை லேசு என்று நீ திருத்துவாய். எங்கள் தலைமுறை ஆண்கள் கேட்கவே இல்லை. நீங்கள் கேட்கிறீர்கள், ஆனால் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கேள், பிறகு சும்மா இரு. அவள் சொல்வது உனக்குப் பிடிக்காததாக இருந்தாலும், நீ செய்த உதவிக்கு அது போதாத மதிப்பெண்ணாக இருந்தாலும், அது அவள் போட்டது. உனக்கு வலித்தாலும் அதேதான். ஆண்பிள்ளை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்கு எண்பது காட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை உன் போனை வைத்த பிறகு இரண்டு நாள் யோசித்தேன். புதன்கிழமை பஸ் ஏறிப் பெண் வீட்டுக்கே போனேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாய். சித்தி வழியாக அரையும் குறையுமாகப் போய்ச் சேர்ந்ததை நானே முழுதாகச் சொல்லிவிடலாம் என்று போனேன். அந்த வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். "இதனால சம்பந்தம் வேண்டாம்னு தோணுனா இப்பவே சொல்லிருங்க. ஆனா நான் பேசறத நிறுத்த மாட்டேனுங்க" என்றேன். ஒருத்தர் எழுந்து காப்பி போட உள்ளே போனார். காப்பி வந்தது, குடித்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சரி, காரியம் கெட்டது, உனக்கு என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

அவர்களில் ஒருத்தர் என்னோடு கேட் வரைக்கும் வந்தார். யார் என்று சொல்ல மாட்டேன். எழுத மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன். பின்னால் யாரும் வருகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமை பாக்கறாங்க?" என்று கேட்டார்.

செவ்வாயும் வெள்ளியும் என்றேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

பேச்சை நிறுத்தப்போவதில்லை என்று உனக்கு வாக்குக் கொடுக்கும்,
உன் அம்மா